கூட்டத்துக்குப் பைத்தியம் பிடிப்பதில்லை

2007 மார்ச் 17ஆம் தேதி இரவு, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் கச்சேரி. அவ்வளவு பெயர் பெற்ற ஒரு ஹெவி மெட்டல் குழு இந்தியாவுக்கு வந்து வாசிப்பது அதுதான் முதல் தடவை. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். நானும் நண்பனும் சேலத்திலிருந்து பஸ் பிடித்துப் போனோம். மேடைக்குச் சற்று முன்னால் பையன்கள் வட்டம் கட்டிக்கொண்டு, தோளோடு தோள் மோதி ஆடிக்கொண்டிருந்தார்கள். இதைத்தான் மாஷ் பிட் என்கிறார்கள். வட்டத்தின் விளிம்பில் நான் நின்றிருந்தேன். ஒல்லியாக ஒரு பையன் கால் இடறிக் குப்புற விழுந்தான். விழுந்த வேகத்திலேயே நாலு கைகள் சட்டையையும் அக்குளையும் பிடித்து அவனைத் தூக்கிவிட்டன. அவனுடைய மூக்குக்கண்ணாடியைக் காணோம். உடனே ஒருவன் கூட்டத்துக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றுகொண்டான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். அந்த மூன்று முதுகுகளுக்கு நடுவே முறத்தளவு இடம் கிடைத்தது. அதில் குனிந்து துழாவிய ஒருவன் கண்ணாடியை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். பறிகொடுத்தவன் வாங்கி, பனியனில் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி ஆட்டத்துக்குள் போய்விட்டான். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் இருக்கும். பாட்டு நிற்கவில்லை. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கச்சேரின்னா உக்காந்து கேக்கணும்டா. அங்க போறவன் பாட்டு கேக்கவா போறான்? கூட்டத்துல சேர்ந்தா மனுஷனுக்குப் புத்தி மழுங்கிடும். ஒருத்தன் தள்ளுனா எல்லாரும் தள்ளுவான், ஆட்டு மந்தை மாதிரி" என்றார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பத்திரிகைச் செய்தியும் காவல்துறை அறிக்கையும் தொலைக்காட்சி விவாதமும் அவர் சொன்னதையே கொஞ்சம் நாகரிகமான சொற்களில் சொல்கின்றன. கூட்டம் கட்டுக்கடங்கவில்லை, ரசிகர்கள் அத்துமீறினார்கள், இளைஞர்கள் முண்டியடித்தார்கள். ராக் கச்சேரி என்றால் கேட்கவே வேண்டாம். நீள முடி, கறுப்பு டி-ஷர்ட், காது கிழியும் சத்தம் என்று சாட்சிகள் தயாராக நிற்கின்றன.

இந்தக் கருத்து தவறு. தவறு என்பதோடு விட்டுவிட முடியாதபடி அது ஆபத்தானதும் கூட. உயிர்ப்பலி நடக்கும் இடத்தில் உண்மையான காரணத்தை மறைத்து, செத்தவன் மீதே பழியைத் தூக்கிப் போடும் வேலையை அது செய்துவருகிறது.

இதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1895இல் குஸ்தாவ் லெ போன் என்ற பிரெஞ்சுக்காரர் கூட்டங்களின் உளவியல் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தனியாக இருக்கும்போது பண்பாடு உள்ளவன், கூட்டத்தில் சேர்ந்ததும் காட்டுமிராண்டி ஆகிவிடுகிறான் என்பது அதன் சாரம். பாரிஸ் தெருக்களில் தொழிலாளர்கள் எழுந்ததைக் கண்டு அஞ்சிய ஒரு வர்க்கத்தின் குரல் அது. கூட்டத்துக்குள் நின்று பார்த்து எழுதியதல்ல, வெளியே நின்று பயந்து எழுதியது. நூற்றாண்டு தாண்டியும் அந்தப் பயமே நம் வாயில் பொது அறிவாகப் புழங்குகிறது.

அமெரிக்காவின் சின்சினாட்டியில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1979 டிசம்பர் 3, ரிவர்ஃப்ரண்ட் கொலீசியம் அரங்கம், 'த ஹூ' குழுவின் கச்சேரி. பதினெட்டாயிரத்துக்கும் மேல் டிக்கெட் விற்றிருந்தது. அதில் பெரும்பகுதி இருக்கை எண் இல்லாத டிக்கெட், முதலில் நுழைகிறவனுக்கு முதல் இடம். அதனால் பிள்ளைகள் குளிரில் மதியத்திலிருந்தே வாசலில் காத்திருந்தார்கள். வரிசையாகக் கதவுகள் இருந்தன. திறந்தது ஒன்றிரண்டு மட்டுமே. உள்ளேயிருந்து சத்தம் கேட்டதும் கச்சேரி தொடங்கிவிட்டது என்று நினைத்துப் பின்னால் நின்றவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். முன்னால் நின்றவர்களுக்குப் போக இடமில்லை. பதினொரு பேர் செத்தார்கள். வயது 15 முதல் 27 வரை. உள்ளே கச்சேரி நடந்து முடிந்தது. வாசித்தவர்களுக்கே முடிந்த பிறகுதான் சொன்னார்கள்.

மறுநாளே நாடு முழுக்கத் தீர்ப்பு வந்துவிட்டது: போதையில் இருந்த ராக் ரசிகர்கள் மிருகங்களைப் போல் ஒருவரையொருவர் மிதித்துக் கொன்றுவிட்டார்கள். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்த நாரிஸ் ஜான்சன், அங்கே இருந்தவர்களிடம் காவல்துறை வாங்கிய வாக்குமூலங்களை எடுத்து நிதானமாகப் படித்தார். 1987இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். வெறிகொண்டு மிதித்த கூட்டம் அந்த வாக்குமூலங்களில் இல்லவே இல்லை. மயங்கியவரைத் தூக்கிப்பிடித்தவர்கள் இருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு மூச்சு விட இடம் தேடித் தந்தவர்கள் இருந்தார்கள். உதவி கேட்டு வாசல் பக்கம் கத்தியவர்கள் இருந்தார்கள். கையை அசைக்கவே முடியாத நிலை வரும்வரை உதவி நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பொய்த் தீர்ப்பு முதல் பக்கத்தில் வந்தது, உண்மை எட்டு வருடம் கழித்து ஆய்விதழில் வந்தது. எதை ஊர் நினைவு வைத்திருக்கும்?

இப்படிப்பட்ட விபத்துக்கு ஆங்கிலத்தில் புழங்கும் 'ஸ்டாம்பீட்' என்ற சொல் மாடுகள் மிரண்டு ஓடுவதைக் குறிப்பது. தமிழில் நாம் நெரிசல் என்கிறோம். நம் சொல்தான் நேர்மையானது. நெரிவதற்கு ஓட வேண்டியதில்லை, மிரள வேண்டியதில்லை. இடம் குறைந்தால் போதும்.

வீட்டு வாசலில் போடும் சின்னக் கோலத்தின் அளவுதான் ஒரு சதுர மீட்டர். அதில் நாலு பேர் நின்றால் நெருக்கம், ஆனால் நகரலாம். ஏழு பேர் நின்றால் நிலைமையே வேறு. கூட்ட விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின், அந்த அளவைத் தொடும்போது கூட்டம் திரவம்போல் ஆகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். உடம்புகளுக்கு நடுவே அலை ஓடும். ஓர் ஆளை நின்ற இடத்திலிருந்து மூன்று மீட்டர் தூக்கிக்கொண்டு போய்விடும். இப்படி நடந்த இடங்களில் இரும்புக் கம்பித் தடுப்புகள் வளைந்து கிடந்திருக்கின்றன. கம்பியை வளைத்த பாரம் சுமார் 450 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு மனிதன் தள்ளி வருகிற பாரமா அது? நூறு பேர் ஆளுக்கொரு விரற்கடை சாய்ந்ததன் கூட்டுத்தொகை. இறப்பதும் மிதிபட்டு அல்ல. நெஞ்சு விரிய இடமில்லாமல், பெரும்பாலும் நின்ற நிலையிலேயே மூச்சடைத்துச் சாகிறார்கள்.

ஒவ்வொரு விபத்துக்கும் மறுநாள் நம் நாளிதழ்களில் சிதறிக் கிடக்கும் செருப்புகளின் படம் வரும். தலைதெறிக்க ஓடினார்கள் என்பதற்கு அத்தாட்சியாக அதைப் போடுகிறார்கள். தரையிலிருந்து உடம்பு மேலே தூக்கப்படும்போது கால் செருப்பிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். ஓடாமலே கழன்ற செருப்புகள் அவற்றில் எத்தனையோ.

இது எனக்கு ஏட்டுப் படிப்பு மட்டுமல்ல. படிக்கும் காலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் கல்ச்சுரல்ஸ் இரவில் நானே அந்தத் திரவத்துக்குள் கிடந்திருக்கிறேன். கடைசி நிகழ்ச்சி ராக் ஷோ. மைதானத்துக்கு இரட்டைக் கதவு வைத்த பெரிய இரும்பு கேட். ஒரு கதவைப் பூட்டி வைத்து, மற்றதை அரைவாசி திறந்து, ஒவ்வொருவராக அடையாள அட்டை பார்த்து விட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே டிரம்ஸ் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. நான் ஓடவில்லை. யாரையும் தள்ளவில்லை. என் இரண்டு கைகளும் என் நெஞ்சின் மேல் மடங்கி, அப்படியே சிக்கிக்கொண்டன. முன்னால் நின்ற பெண்ணின் ஹேர் கிளிப் என் தாடையில் குத்திக்கொண்டே இருந்தது, தலையை அரை அங்குலம் திருப்ப முடியவில்லை. ஒரு கட்டத்தில் பாதம் தரையில் இல்லை என்பது தெரிந்தது. கேட்டில் நின்றவர் எங்களைப் பார்த்து, "பின்னாடி போங்கப்பா, பின்னாடி போங்கப்பா" என்று கத்தினார். நாங்கள் எப்படிப் போவது? பின்னால் நின்றவர்களுக்கு அவர் சொல்வது காதில் விழவே இல்லை. அவர்கள் கண்ணுக்குக் கூட்டம் மெல்ல நகர்வதுபோலத்தான் தெரிந்திருக்கும். கடைசியில் மாணவன் ஒருவன் சுற்றுச்சுவர் ஏறிக் குதித்து, பூட்டியிருந்த கதவின் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து நீக்கிவிட்டான். கதவு திறந்த அடுத்த நொடியே கால் தரையில் பட்டது. அந்தப் பெண் ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். முன்பின் தெரியாத மூன்று பேர் அவளைச் சுற்றி நின்று தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் 'மாணவர்களின் ஒழுங்கீனம்' என்று இருந்தது. தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வருடம் ராக் ஷோவையே எடுத்துவிட்டார்கள்.

மாஷ் பிட்டையே காட்டி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டுமென்றே மோதுகிறார்களே, அது வன்முறை இல்லையா? கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சிலர் இந்த மோதலை வீடியோக்களிலிருந்து அளந்து 2013இல் ஆய்வாக வெளியிட்டார்கள். மோதி ஆடுகிறவர்களின் வேகங்கள், ஒரு பெட்டிக்குள் அடைத்த வாயுவின் மூலக்கூறுகளைப் போலவே பரவியிருக்கின்றன என்று கண்டார்கள். சில நேரம் அந்தக் கலகலப்பு தானே ஒரு சுழற்சியாக மாறும். எல்லோரும் ஒரே திசையில் வட்டமாக ஓடுவார்கள். பெரும்பாலும் இடஞ்சுழி. பார்த்தீர்களா, புத்தியில்லாத மூலக்கூறுகள் என்று இதையே எனக்கு எதிராகக் காட்டலாம். ஆனால் ஆய்வாளர்கள் அளந்தது ஆடியவர்களின் வேகத்தைத்தான். விழுந்தவனைத் தூக்கிவிட்ட நாலு கைகள் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. விழுந்தவனைத் தூக்கு, தொலைந்த பொருளை உயரத்தில் காட்டு, ஆட விரும்பாதவனை இழுக்காதே. இந்த விதிகள் எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை, ஆனால் பெங்களூரில் முதன்முறை வந்த பையனுக்கும் தெரிந்திருந்தது. கவனியுங்கள், மாஷ் பிட்டுக்கு இடம் வேண்டும். ஆட இடமிருக்கும் கூட்டத்தில் நெரிசல் சாவு நடக்காது. அசையவே முடியாமல், பார்ப்பவர் கண்ணுக்கு அடக்கமாகத் தெரியும் கூட்டத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

நம் ஊரில் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கத்துவார்கள், வியர்வையில் குளிப்பார்கள், ஒருவர் மேல் ஒருவர் சாய்வார்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கை காட்டினால் அத்தனை பேரும் நிற்பார்கள். அந்த வெறியை நாம் பக்தி என்று மரியாதையாகச் சொல்கிறோம். முட்டுக்கட்டைக்காரர் சரியாக இருந்தால் தேர் நிலைக்கு வந்து சேர்கிறது.

டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் 2000 ஜூன் 30 அன்று பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் நெரிசல். விஷயம் மேடைக்கு எட்டியதும் பாடகர் எடி வெடர் பாட்டை நிறுத்தி, எல்லோரும் மூன்றடி பின்னால் போகச் சொன்னார். போனார்கள். பல்லாயிரம் பேர், இருட்டில், மழைச் சேற்றில் அவர் சொன்னபடி பின்னால் நகர்ந்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது, ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அந்தக் கூட்டத்துக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. முன்னால் என்ன நடக்கிறது என்ற தகவல்தான் பின்னால் வந்து சேரவில்லை. விழா நடத்தியவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். ரசிகர்களுக்கு நல்லொழுக்கம் போதிக்கவில்லை. மேடை முன்னிடத்தைத் தடுப்புகளால் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று எண்ணி விட ஆரம்பித்தார்கள். விழா இன்றும் நடக்கிறது.

எதிர்த்தரப்பின் பலமான சாட்சிகளையும் மறைக்க மாட்டேன். அமெரிக்காவின் ஆல்டமாண்டில் நடந்த கச்சேரியைச் சொல்வார்கள். 1969 டிசம்பர் 6, ரோலிங் ஸ்டோன்ஸ் வாசிக்கும்போது மெரிடித் ஹண்டர் என்ற பதினெட்டு வயது இளைஞர் கத்திக்குத்தில் இறந்தார். குத்தியவர் ரசிகர் அல்ல. மேடைக் காவலுக்கு நின்ற ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் குழுவைச் சேர்ந்தவர். ஹண்டரின் கையில் துப்பாக்கி இருந்தது என்பதால் தற்காப்பு என்று நீதிமன்றம் குத்தியவரை விடுவித்தது. காவலுக்கு யாரை வைத்தார்கள் என்பதைக் கேட்காமல் கூட்டத்தைத் திட்டுவதில் என்ன நியாயம்?

நம் நாட்டிலேயே குர்காவ்ன் இருக்கிறது. 2011 அக்டோபர் 28 அன்று மெட்டாலிக்கா வாசிக்க இருந்தது. மேடை முன்னிருந்த தடுப்பு பலமாக இல்லை என்று நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. நெடுநேரம் காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினர் மேடையேறிக் கருவிகளை உடைத்தார்கள். உடைத்தது தவறு, அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஆனால் இரண்டே நாள் கழித்து, அக்டோபர் 30 அன்று, அதே குழு பெங்களூரில் அதே பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தது. அதே வயது, அதே டி-ஷர்ட், அதே பாட்டு. கச்சேரி முழுதாக நடந்து முடிந்தது. ரசிகனின் ரத்தத்திலேயே வெறி ஊறியிருக்கிறது என்றால் அது பெங்களூருக்கு வர மறந்துவிட்டதா?

ஒன்றை மட்டும் என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. 1999இல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த உட்ஸ்டாக் விழா. பழைய விமானப்படைத் தளம், கொதிக்கும் கான்கிரீட் தரை, நாலு டாலருக்குத் தண்ணீர் பாட்டில், நிரம்பி வழிந்த கழிப்பறைகள். கடைசி இரவு தீ வைத்தார்கள். இதற்கெல்லாம் நடத்தியவர்களின் பேராசையைக் காரணம் காட்டலாம். ஆனால் அங்கே பெண்கள் மீது நடந்த பாலியல் தாக்குதல்களுக்குத் தண்ணீர் விலை காரணமாகாது. கூட்டத்தின் மறைவில் கை நீட்டும் ஆண் அதைத் தெரிந்தேதான் செய்கிறான். இங்கேதான் 'கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்தது' என்ற கதை இரண்டாவது கேட்டைச் செய்கிறது. குற்றவாளிக்கு ஒளிந்துகொள்ள இடம் தருகிறது. எல்லோருக்கும் வெறி பிடித்திருந்தது என்றால் அவனை மட்டும் எப்படித் தனியாகப் பிடிப்பது? வாஷிங்டனின் ஃபுகாசி குழு இதைச் சரியாகக் கையாண்டது. நுழைவுக் கட்டணத்தைப் பெரும்பாலும் ஐந்து டாலருக்குள்ளேயே வைத்திருந்த குழு அது. யாராவது பிறரைக் காயப்படுத்தும்படி ஆடினால் அதன் பாடகர் இயன் மெக்காய் பாட்டை நிறுத்துவார். அந்த ஆளைச் சுட்டிக்காட்டி, ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். குற்றம் தனி ஆளுடையது, கூட்டம் அவனுக்கு எதிரான சாட்சி என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பெரியப்பா சொன்ன 'உக்காந்து கேக்கணும்' என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அசையாமல் கேட்பது இசைக்கு இயற்கை விதித்த சட்டமல்ல. ஐரோப்பியச் செவ்வியல் கச்சேரியிலேயே அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் படிந்த வழக்கம். 1778இல் பாரிஸில் தன் சிம்பொனியின் நடுவிலேயே கைதட்டல் எழுந்ததை மோட்சார்ட் சந்தோஷமாக அப்பாவுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார். நம் சபாக்களில் தொடையில் தாளம் போடாமல், நல்ல பிடிக்கு 'ஆஹா' என்று வாய்விட்டுச் சொல்லாமல் யார் கேட்கிறார்கள்? தவில் தனி உச்சத்துக்குப் போகும்போது கோயில் வீதியில் எந்தத் தலை ஆடாமல் இருக்கிறது? பெங்களூரில் அன்று அயர்ன் மெய்டன் 'ஃபியர் ஆஃப் த டார்க்' தொடங்கியபோது கூட்டம் பாடியது வரிகளை மட்டுமல்ல. கிட்டார் வாசிக்கும் மெட்டையே சொல்லில்லாமல், ஸ்வரம் பிசகாமல் பல்லாயிரம் தொண்டைகள் பாடின. காது கொடுத்துக் கேட்காதவனால் கிட்டார் மெட்டை மனப்பாடமாகப் பாட முடியாது.

1992இல் கும்பகோணம் மகாமகக் குளக்கரையில் நெரிசலில் பலர் இறந்தபோது பக்தர்களைக் காட்டுமிராண்டிகள் என்று யாரும் எழுதவில்லை. ஏற்பாடு சரியில்லையா, இவ்வளவு பேரை ஏன் விட்டார்கள் என்றுதான் கேட்டார்கள். அது சரியான கேள்வி. 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரகுமான் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியபோதும், உள்ளே பெண்கள் சீண்டலுக்கு ஆளானபோதும், பொறுப்பு தங்களுடையது என்று நடத்தியவர்களே ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது. அந்தக் கேள்வி ராக் ரசிகனுக்கும் உரியது. அவன் முடியின் நீளத்தைப் பார்த்து அதை மாற்றிக் கேட்கக் கூடாது.

'த ஹூ' மறுபடி சின்சினாட்டியில் வாசித்தது 2022இல்தான். செத்துப்போன பதினொரு பேரின் பெற்றோர்களில் பலர், பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தோடு, மிருகக் கூட்டத்தில் ஒருவன் என்ற பெயரையும் சுமந்துகொண்டே வாழ்ந்தார்கள். செய்தி எழுதும் நண்பர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இனி ஒரு கச்சேரியில் நெரிசல் என்று கேள்விப்பட்டால், கூட்டம் முண்டியடித்தது என்று எழுதும் முன் அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை கேட் இருந்தது, அதில் எத்தனை திறந்திருந்தது, எத்தனை டிக்கெட் விற்றார்கள் என்று விசாரியுங்கள். அந்த மூன்று எண்களையும் செய்தியின் முதல் பத்தியிலேயே போடுங்கள்.